காளான் நோய் எதிர்ப்பு சக்தியைத் தூண்டுமா? கேன்சர் மருந்தை நிறுத்திவிட்டு கேப்சூல் சாப்பிடலாமா? ஆய்வுகள் சொல்வது என்ன?

திருவள்ளூரில் இருந்து திருத்தணிக்குப் போகும் சாலையில் கனகம்மாசத்திரத்தைத் தாண்டும்போது இரண்டு பக்கமும் பார்த்தால் நெல் வயல்தான். அறுவடை முடிந்தால் வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. மாட்டுக்குப் போக மிஞ்சும் வைக்கோலில் சிப்பிக் காளானும் பால் காளானும் வளர்க்கலாம் என்பது இந்தப் பக்கத்து விவசாயிகளுக்குப் புது விஷயமும் அல்ல.

அதே காளான் செல்போனுக்குள் வேறு வேஷத்தில் வருகிறது. "இம்யூனிட்டி பூஸ்டர்", "ஜப்பான் மருத்துவ ரகசியம்", "கேன்சர் செல்லை அழிக்கும் காளான்" என்று வாட்ஸ்ஆப்பில் ஒரு வீடியோ, கீழே கேப்சூல் வாங்க ஒரு லிங்க். கொரோனா காலத்தில் தொடங்கிய இந்த விளம்பரங்கள் இன்னும் ஓயவில்லை.

ஆரோக்கியமாக இருப்பவர் வாங்கினால் நஷ்டம் பணத்தோடு போய்விடும். வீட்டில் ஒருவருக்கு இரைப்பையில் புற்றுநோய் என்று தெரியவந்து, காஞ்சிபுரம் காரப்பேட்டைக்கோ அடையாறுக்கோ அலைந்து கொண்டிருக்கும் குடும்பத்துக்கு இந்த வீடியோ வந்தால் கதை வேறு. "கீமோ போட்டா அவரு உடம்பு தாங்காதுப்பா, முதல்ல இந்தப் பவுடரைக் கொடுத்துப் பாரு" என்று ஒரு சொந்தக்காரர் சொன்னால் போதும், அடுத்த சிகிச்சைத் தேதி தள்ளிப்போகும். ஒரு மாதம் தள்ளிப்போனாலும் சில புற்றுநோய்களில் அது பெரிய விஷயம்.

இதில் சிக்கல் என்னவென்றால், அந்த வீடியோ முழுப் பொய் அல்ல. காளானில் நோய் எதிர்ப்பு செல்களைத் தூண்டும் பொருள் நிஜமாகவே இருக்கிறது. ஜப்பானில் அது மருந்தாகவும் விற்கப்பட்டது. உண்மை எங்கே முடிந்து கதை எங்கே தொடங்குகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

காளானில் அப்படி என்ன இருக்கிறது?

அந்தப் பொருளின் பெயர் பீட்டா குளுக்கான். பாலிசாக்கரைடு எனப்படும் கூட்டுச் சர்க்கரை வகையைச் சேர்ந்தது. பயப்படும்படியான பெயர், விஷயம் எளிதுதான்.

நாம் சாப்பிடும் அரிசியின் மாவுச்சத்தும் கூட்டுச் சர்க்கரைதான். ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் மூலக்கூறுகளை வரிசையாகக் கோர்த்தால் மாவுச்சத்து. பீட்டா குளுக்கானும் அதே குளுக்கோஸைக் கோர்த்ததுதான். வித்தியாசம் முடிச்சில் இருக்கிறது. ஒரே கூடை மல்லிகையை இரண்டு பேர் இரண்டு விதமாகக் கட்டினால் ஒன்று இழுத்ததும் உதிரும், இன்னொன்று உதிராது இல்லையா, அது மாதிரி. மாவுச்சத்தின் முடிச்சை நம் எச்சிலும் கணையநீரும் அவிழ்த்துவிடும். பீட்டா முடிச்சை அவிழ்க்கும் நொதி மனித உடலில் இல்லை. அதனால் அது நார்ச்சத்தாகக் குடலுக்குள் பயணிக்கிறது.

காளானின் ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் இருக்கும் சுவர் இந்தக் குளுக்கானாலும், நண்டு ஓட்டில் இருக்கும் கைட்டினாலும் கட்டப்பட்டது. ஓட்ஸிலும் பீட்டா குளுக்கான் உண்டு, ஆனால் அதன் பிணைப்பு வேறு. ஓட்ஸுடையது கொழுப்பைக் குறைக்க உதவுவதாகப் பெயர் வாங்கியது. காளானுடையது நோய் எதிர்ப்பு அமைப்போடு பேசுவதாகப் பெயர் வாங்கியது.

உடம்பு ஏன் உஷாராகிறது?

மனித உடல் பீட்டா குளுக்கானைத் தயாரிப்பதே இல்லை. ஆனால் நம்மைத் தாக்கும் பூஞ்சைகளின் சுவரிலும் இதே பொருள்தான் இருக்கிறது. வாய்ப்புண் உண்டாக்கும் கேண்டிடாவிலும் இருக்கிறது, நுரையீரலைப் பிடிக்கும் ஆஸ்பர்ஜில்லஸிலும் இருக்கிறது. ரத்தத்தில் பீட்டா குளுக்கான் அளவைப் பார்த்து, உடலுக்குள் ஆழமான பூஞ்சைத் தொற்று இருக்கிறதா என்று மருத்துவமனைகள் சோதிப்பதும் இதனால்தான்.

அதனால், "இந்தச் சுவரைப் பார்த்தால் எதிரி" என்று நம் செல்கள் பழகியிருக்கின்றன. 2001ஆம் ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டில் கார்டன் பிரவுன், சியமன் கார்டன் என்ற இரு ஆய்வாளர்கள், விழுங்கு செல்களின் மேல் இருக்கும் டெக்டின்-1 என்ற ஏற்பிதான் பீட்டா குளுக்கானைப் பிடித்து அடையாளம் காண்கிறது என்று கண்டுபிடித்தார்கள். அந்த ஏற்பியில் குளுக்கான் ஒட்டியதும் செல் உசுப்பப்படுகிறது, மற்ற செல்களுக்கும் ரசாயனச் செய்தி போகிறது.

வாசலில் கட்டிய நாய் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். வந்தவர் திருடனா விருந்தாளியா என்று அது விசாரிக்காது. சட்டையைப் பார்த்துக் குரைக்கும். சமையல் காளான் திருடன் அல்ல, ஆனால் அது போட்டிருப்பது திருடனின் சட்டை.

நம் ஊரில் பிரபலமான பால் காளானிலும் இதைப் பார்த்திருக்கிறார்கள். மேற்கு வங்கத்தின் மிட்னாபூரில் உள்ள வித்யாசாகர் பல்கலைக்கழக வேதியியல் ஆய்வாளர்கள், பால் காளானை வெந்நீரில் கொதிக்கவைத்துக் குளுக்கானைப் பிரித்தெடுத்து, அது விழுங்கு செல்களையும் மண்ணீரல், தைமஸ் செல்களையும் தூண்டுவதைப் பதிவு செய்தார்கள். ஆனால் கவனிக்க வேண்டியது, இது ஆய்வகக் கிண்ணத்தில் செல்களை வைத்துச் செய்தது. மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்ததல்ல.

ஜப்பானில் நிஜமாக நடந்தது என்ன?

வாட்ஸ்ஆப் வீடியோக்களின் மூலக்கதை 1969இல் தொடங்குகிறது. டோக்கியோவில் கோரோ சிஹாரா தலைமையிலான குழு, ஷிடாகே காளானில் இருந்து ஒரு குளுக்கானைப் பிரித்து, கட்டி வைக்கப்பட்ட எலிகளுக்கு ஊசியில் செலுத்தியது. கட்டிகள் சுருங்கின. 'நேச்சர்' இதழில் முடிவு வெளியானது. அந்தப் பொருளுக்கு லென்டினன் என்று பெயர் வைத்தார்கள். ஷிடாகேவின் அறிவியல் பெயரில் இருந்து வந்த பெயர்.

1985இல் ஜப்பான் அரசு லென்டினனை இரைப்பைப் புற்றுநோய்க்கு அனுமதித்தது. எப்படி? ஊசியாக. அதுவும் கீமோதெரபி மருந்தோடு சேர்த்து. "கீமோவுக்குப் பதிலாக" என்று அங்கே யாரும் சொல்லவில்லை. வீடியோக்களில் காணாமல் போவது இந்த ஒரு வரிதான்.

இதற்கு முன்பே 1977இல் பி.எஸ்.கே. என்ற இன்னொரு மருந்து அனுமதி பெற்றிருந்தது. இது வாய்வழியாகச் சாப்பிடக்கூடியது. பட்டுப்போன மரங்களில் விசிறி விசிறியாக, வரிவரியாக ஒட்டிக்கொண்டு வளரும் வான்கோழி வால் என்ற பூஞ்சையில் இருந்து எடுத்தது. குழம்பு வைக்கும் காளான் அல்ல, தோல் மாதிரி இருக்கும். 1994இல் 'லான்செட்' இதழில் வந்த ஜப்பானிய ஆய்வில், இரைப்பைப் புற்றுநோய் அறுவை சிகிச்சை முடிந்த 262 பேரில் ஒரு பிரிவுக்கு கீமோ மட்டும், இன்னொரு பிரிவுக்கு கீமோவோடு பி.எஸ்.கே.யும் கொடுத்தார்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து உயிரோடு இருந்தவர்கள் முதல் பிரிவில் 60 சதவீதம், இரண்டாவது பிரிவில் 73 சதவீதம். சாதாரண வித்தியாசம் அல்ல. காளான் தரப்பின் மிக வலுவான சாட்சியம் என்றால் இதுதான். இங்கேயும் இரண்டு பிரிவுமே கீமோ எடுத்துக்கொண்டது.

பிறகு கீமோ மருந்துகளே மாறின. எஸ்-1 என்ற புதிய மருந்து வந்தபிறகு, லென்டினன் சேர்த்தால் கூடுதல் பலன் உண்டா என்று ஜப்பானியர்களே பெரிய ஆய்வு நடத்திப் பார்த்தார்கள். அறுவை சிகிச்சை செய்ய முடியாத நிலையில் இருந்த அல்லது நோய் திரும்பிவந்த 300க்கும் மேற்பட்ட இரைப்பைப் புற்றுநோயாளிகள் அதில் பங்கேற்றனர். 2016இல் முடிவு வெளியானது. லென்டினன் சேர்த்தவர்களின் ஆயுள் கூடவில்லை.

எலியில் சுருங்கிய கட்டியில் தொடங்கி இந்த முடிவுக்கு வர 47 வருஷம் ஆகியிருக்கிறது. ஜப்பானியர்களை ஒன்று பாராட்ட வேண்டும், தங்கள் நாட்டு மருந்து என்று விட்டுவைக்காமல் சோதித்து, சாதகமில்லாத முடிவையும் அச்சில் போட்டார்கள். அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. இதுவரை எந்தக் காளான் மருந்தையும் புற்றுநோய்க்கு அனுமதிக்கவில்லை.

திருவள்ளூர் பக்கத்தில் நடந்த சோதனை

எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் ஒரு பொருள் ஆய்வகத்தில் ஜெயித்து ஊருக்குள் வந்து திணறுவது இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. உலக மருத்துவப் புத்தகங்களில் 'செங்கல்பட்டு பரிசோதனை' என்று ஒன்று வரும். 1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர் வட்டாரத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தொடங்கிய பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு அது. இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானோருக்குத் தடுப்பூசி அல்லது மருந்தில்லாத ஊசி போடப்பட்டது. யாருக்கு எது என்று ஊசி போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. வருடக்கணக்கில் கண்காணித்த பிறகு வந்த முடிவு உலகையே அதிரவைத்தது: பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கவில்லை.

குழந்தைகளுக்கு வரும் கடுமையான காசநோய்களில் இருந்து காப்பாற்றுவதால் பிறந்தவுடன் பி.சி.ஜி. போடுவது இன்றும் தொடர்கிறது. அதை நிறுத்தச் சொல்லும் ஆதாரம் இதில் இல்லை. சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் அதே பி.சி.ஜி.யைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்துவது நிரூபிக்கப்பட்ட சிகிச்சையும்கூட. அதாவது, தூண்டும் சக்தி இருக்கிறது என்பது ஒரு கேள்வி. எந்த நோய்க்கு, யாருக்கு, எந்த வழியில் கொடுத்தால் வேலை செய்யும் என்பது தனிக் கேள்வி. நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழகத்தில் மிஹாய் நெட்டியா குழுவினர், பி.சி.ஜி.யும் பீட்டா குளுக்கானும் பிறவி எதிர்ப்பு செல்களை ஒரே மாதிரி 'பழக்கி' வைப்பதாகக் கண்டிருக்கிறார்கள். 2011இல் இதற்குப் 'பயிற்சி பெற்ற எதிர்ப்பாற்றல்' என்று பெயர் சூட்டப்பட்டது. காளான் ஆராய்ச்சி இன்று சூடு பிடித்திருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சரி, சும்மா சமைத்துச் சாப்பிட்டால்?

இதற்கு மனிதர்களிடம் செய்த ஆய்வுகள் குறைவு, ஆனால் இருக்கின்றன. ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் 2015இல் வெளியான ஆய்வில் ஆரோக்கியமான 52 பேர் நான்கு வாரம் தினமும் 5 அல்லது 10 கிராம் உலர்ந்த ஷிடாகேவைச் சமைத்துச் சாப்பிட்டார்கள். சில எதிர்ப்பு செல்களின் செயல்பாடு கூடியது, எச்சிலில் இருக்கும் ஒரு வகை எதிர்ப்புப் புரதம் உயர்ந்தது, அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவு இறங்கியது.

நல்ல செய்திதான். ஆனால் அவர்களுக்குச் சளி, காய்ச்சல் குறைந்ததா என்பதை அது சொல்லவில்லை. லேப் ரிப்போர்ட்டில் ஒரு எண் ஏறுவதும், ஆள் நோயில்லாமல் இருப்பதும் ஒன்றல்ல.

நோயையே எண்ணிப் பார்த்த ஆய்வு ஸ்லோவாக்கியாவில் நடந்தது. நாம் வைக்கோலில் வளர்க்கும் சிப்பிக் காளானின் குடும்பத்தைச் சேர்ந்த காளானில் இருந்து எடுத்த ப்ளூரான் என்ற குளுக்கானை, அடிக்கடி சளித்தொல்லை வரும் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். 2013இல் வெளியான முடிவின்படி, சிகிச்சைக் காலத்தில் ஒரு முறைகூட சுவாசத் தொற்று வராதவர்கள் ப்ளூரான் எடுத்த குழந்தைகளில் 36 சதவீதம், எடுக்காதவர்களில் 21 சதவீதம். நம்பிக்கை தரும் எண். அதே எண்ணைத் திருப்பிப் படித்தால், ப்ளூரான் எடுத்தவர்களிலும் 64 சதவீதம் பேருக்குத் தொற்று வந்திருக்கிறது. அதுவும் இது பிரித்தெடுத்த சிரப், காளான் பிரியாணி அல்ல.

கேப்சூல் பாட்டிலில் என்ன இருக்கிறது?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். லேபிளில் "பாலிசாக்கரைடு 40 சதவீதம்" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். முன்பே பார்த்தோமே, அரிசி மாவும் பாலிசாக்கரைடுதான். தானியத்தின் மேல் காளான் பூசணத்தை வளர்த்து, தானியத்தோடு சேர்த்து அரைத்துவிட்டால் பாலிசாக்கரைடு அளவு எகிறும், பீட்டா குளுக்கான் சொற்பமாக இருக்கும். ஆகவே பார்க்க வேண்டியது பாலிசாக்கரைடு அளவை அல்ல, பீட்டா குளுக்கான் அளவு தனியாகக் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்பதை.

அமெரிக்காவில் வாங்கிய 19 ரெய்ஷி காளான் சப்ளிமென்ட் மாதிரிகளைச் சோதித்த 2017ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், லேபிளில் சொன்னபடி சரியாக இருந்தவை வெறும் ஐந்து.

சட்டம் இருக்கிறது. மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் விளம்பரச் சட்டம் 1954இல் வந்தது; புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வது அதன்படி குற்றம். சப்ளிமென்ட் பாட்டில்களில் மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்ற வரி இருக்க வேண்டும் என்பது எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. விதி. பாட்டிலைத் திருப்பி, பொடி எழுத்தில் அந்த வரியைத் தேடிப் பாருங்கள். முன்பக்கம் கொடுக்கும் வாக்குறுதியைப் பின்பக்கமே மறுத்துக்கொண்டிருக்கும்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

சிறுநீரகமோ கல்லீரலோ மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். புது உறுப்பை உடல் நிராகரிக்கக் கூடாது என்பதற்காக எதிர்ப்பு சக்தியை மருந்து கொடுத்து அடக்கி வைத்திருப்பார்கள். அந்த நேரத்தில் எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் கேப்சூல் சாப்பிடுவது, ஒருவர் பிரேக் மிதிக்க இன்னொருவர் ஆக்சிலேட்டர் மிதிப்பது போல. முடக்குவாதம், லூபஸ் போன்ற, உடலே உடலைத் தாக்கும் நோய் உள்ளவர்களுக்கும் இதே எச்சரிக்கை. குழம்பில் நாலு காளான் துண்டு பிரச்னை இல்லை. செறிவூட்டிய பவுடரும் கேப்சூலும்தான் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாதவை.

கீமோ எடுப்பவர்கள் மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. "திட்டுவாங்க" என்று பயந்து பலர் சொல்வதில்லை. ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் அளவுகள் மாறினால் அது கீமோவாலா, கேப்சூலாலா என்று மருத்துவருக்குத் தெரியாமல் போகும். பாட்டிலையே கையில் எடுத்துப் போய்க் காட்டினால் போதும்.

இன்னொன்று, ஷிடாகேவைப் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ சாப்பிட்ட சிலருக்கு ஒன்றிரண்டு நாளில் முதுகெங்கும் சாட்டையால் அடித்த மாதிரி கோடு கோடாகத் தடித்துவிடும். 1970களிலேயே ஜப்பானில் பதிவான விஷயம். காரணமாகக் கருதப்படுவது எது தெரியுமா? அதே லென்டினன்.

வளர்ப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய மறுபக்கம்

எதிர்ப்பு சக்தியைத் தூண்டுவது எப்போதும் நல்லது என்ற எண்ணத்தை உடைப்பதற்குக் காளான் குடிலைவிடச் சிறந்த இடம் இல்லை. விளம்பரங்களில் வராத, ஆனால் கனகம்மாசத்திரம் மாதிரி ஊர்களில் இந்தத் தொழிலில் இறங்குபவர்களை நேரடியாகப் பாதிக்கும் விஷயம் இது.

சிப்பிக் காளான் முற்றினால் அடிப்பக்கத்து மடிப்புகளில் இருந்து கண்ணுக்குத் தெரியாத வித்துத்தூள் கோடிக்கணக்கில் கொட்டும். மூடிய குடிலில் தினமும் அதைச் சுவாசிக்கும்போது நுரையீரலின் எதிர்ப்பு செல்கள் திரும்பத் திரும்ப உசுப்பப்படுகின்றன. சிலருக்கு அது ஒவ்வாமை நுரையீரல் அழற்சியாக மாறுகிறது. மருத்துவத்தில் இதற்குக் 'காளான் தொழிலாளர் நுரையீரல்' என்றே பெயர். காலையில் பறித்தால் மதியம் அல்லது சாயங்காலம் இருமல், குளிர் காய்ச்சல், மூச்சு வாங்குதல். இரண்டு நாள் குடிலுக்குப் போகாவிட்டால் சரியாகும். மறுபடி போனால் மறுபடி வரும். சளிக்காய்ச்சல் என்று மாத்திரை போட்டுக்கொண்டே வருஷங்கள் ஓடினால் நுரையீரலில் நிரந்தரத் தழும்பு விழலாம்.

செய்ய வேண்டியது பெரிய செலவுள்ள காரியம் அல்ல. காளானின் ஓரம் மேல்நோக்கிச் சுருளும் முன்பே பறித்துவிட வேண்டும். முற்றவிட்டால் எடை கூடும் என்று காத்திருப்பது தரத்துக்கும் கெடுதல், நெஞ்சுக்கும் கெடுதல். உள்ளே நுழையும் முன் காற்றோட்டம் விட வேண்டும். துண்டைக் கட்டிக்கொள்வது போதாது, என்-95 முகக்கவசம் வேண்டும். இருமல் வேலை நாட்களில் மட்டும் வருகிறது என்றால், "காளான் குடிலில் வேலை செய்கிறேன்" என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும்.

இந்த ஊர்ப்பக்கத்து வெயிலுக்கு எந்தக் காளான் தோது என்பதும் யோசிக்க வேண்டியது. கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர்கள் பட்டியலில் திருத்தணி பெயர் தவறாமல் வரும். மொட்டுக் காளானுக்கு ஊட்டிக் குளிர் தேவை. சிப்பிக் காளான் மிதமான சூட்டில்தான் நன்றாக வரும். 30 முதல் 35 டிகிரியில் விளைவது பால் காளான். மேற்கு வங்கத்தில் அடையாளம் காணப்பட்ட அதை, வணிகமாக வளர்க்கும் முறையை 1990களில் உருவாக்கியது தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம். அதன் அருப்புக்கோட்டை நிலையத்தின் பெயரைச் சுமக்கும் ஏபிகே 2 ரகம் மாநிலம் முழுக்கப் பரவியது. திருவள்ளூர் மாவட்ட விவசாயிகளுக்குப் பக்கத்தில் இருப்பது திரூர் வேளாண் அறிவியல் நிலையம்.

எப்படிச் சமைத்தால் சத்து வீணாகாது?

பீட்டா குளுக்கான் சூட்டுக்கு எளிதில் சிதையாது. நன்றாக வேகவைப்பதால் செல்சுவர் இளகுமே தவிர சத்து ஓடிவிடாது. அதில் ஒரு பங்கு தண்ணீரில் கரையும், அதனால் வேகவைத்த நீரைக் கொட்டாமல் குழம்பிலோ ரசத்திலோ சேர்த்துவிடலாம். பச்சைக் காளானில் சுமார் 90 சதவீதம் தண்ணீர் என்பதால் கடாயில் போட்டதும் பாதியாகச் சுருங்குவதைப் பார்த்து "கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்று நினைக்க வேண்டாம்.

சமைக்கும் முன் நறுக்கி, மதிய வெயிலில் கால்மணி நேரம் வைத்தால் காளானில் வைட்டமின் டி உருவாகும். திருத்தணி வெயிலால் காசில்லாமல் கிடைக்கும் லாபம். மழை விட்டதும் வேலியோரத்தில் முளைப்பதைப் பறிக்கும் பழக்கம் இருந்தால், புற்றுக் காளானை அடையாளம் தெரிந்த பெரியவர் கூட இல்லாமல் பறிக்க வேண்டாம். விஷக் காளான்கள் சிலவற்றில் வாந்தி, பேதி நின்று "சரியாகிவிட்டது" என்று தோன்றும் நேரத்தில்தான் கல்லீரல் செயலிழக்கத் தொடங்கும்.